ஓய்வுக்குப் பிறகு பழனி பாதயாத்திரை: காரைக்குடியிலிருந்து 13 நாள் திட்டம்

காரைக்குடியிலிருந்து பழனி ஏறத்தாழ 165 கிலோமீட்டர். தைப்பூசத்துக்குக் கிளம்பும் குழுக்கள் பலவும் இதை ஐந்தாறு நாளில் நடந்து முடித்துவிடும். அதாவது நாளுக்கு 28, 30 கிலோமீட்டர். பத்து நாள் விடுப்பு கிடைப்பதே பெரிது என்றிருக்கும் நடுவயதுக்காரர்களுக்கு ஏற்பப் போட்ட கணக்கு அது. அறுபதைத் தாண்டியவர் அதே குழுவில் சேர்ந்தால், நத்தம் போய்ச் சேர்வதற்குள் உள்ளங்கால் கொப்பளித்து வேனில் ஏற வேண்டியதாகிவிடுகிறது. வயதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓய்வு பெற்றவர் கையில் தாராளமாக இருப்பது நாட்கள். அதைச் செலவழிக்காமல் முழங்காலைச் செலவழிப்பதுதான் தப்பு. ஆகவே இந்தத் திட்டம் அதே தூரத்தை 13 நாளாகப் பிரிக்கிறது: 11 நாள் நடை, 2 நாள் முழு ஓய்வு.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

தைப்பூசம் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முதல் பாதிக்குள் எந்த நாளிலும் வரலாம். 2025-ல் பிப்ரவரி 11, 2026-ல் பிப்ரவரி 1, 2027-ல் ஜனவரி 22. பழனியில் விழா பத்து நாள். பெரியநாயகி அம்மன் கோயிலில் கொடியேறும், ஏழாம் நாள் பூசம், அன்று தேர். பூசத்துக்கு முந்தைய இரண்டு நாளும் பூச நாளும்தான் கூட்டத்தின் உச்சம். அந்த மூன்று நாளில் மலைக்கு மேலே வரிசையில் நிற்பது 15 கிலோமீட்டர் நடையைவிடக் கடினம். நடந்தால் கால் அசைகிறது, ரத்தம் ஓடுகிறது. வரிசையில் மணிக்கணக்கில் நின்றால் கால் வீங்கும், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலை சுற்றும். பூசத்துக்கு மூன்று நாள் முன்னதாகப் போய்ச் சேருவது நல்லது. தேர் பார்த்தே ஆக வேண்டும் என்றால் தரிசனத்தை முன்பே முடித்துவிட்டு ஊருக்குள் அறை எடுத்துத் தங்குங்கள்.

ரொம்பவும் முன்னதாகப் போவதிலும் ஒரு சங்கடம் உண்டு. சாலையோர அன்னதானப் பந்தல், மருத்துவ முகாம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் பூசத்தை ஒட்டித்தான் களைகட்டும். இரண்டு வாரம் முன்னால் நடந்தால் சாலை காலியாக இருக்கும், சாப்பாட்டுக்குக் கடையைத் தேட வேண்டியிருக்கும்.

2027-ஐ வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஜனவரி 19 பழனி என்றால் ஜனவரி 7 காரைக்குடியில் புறப்பாடு. பொங்கல் ஜனவரி 15. அன்று சிற்றூர்களில் ஹோட்டல் திறக்காது, பேருந்தில் கால் வைக்க இடம் இருக்காது. இந்தத் திட்டத்தில் அது ஒன்பதாம் நாள், திண்டுக்கல்லில் ஓய்வு நாள். பொங்கலை ஒட்டி இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காரைக்குடி – திருப்பத்தூர் சாலையில் உள்ள சிராவயலில் தை மாதம் மூன்றாம் நாள் மஞ்சுவிரட்டு. அவிழ்த்துவிட்ட மாடு சாலை, வயல் என்று பார்க்காது. அந்த நாளில் அந்தப் பக்கம் நடக்கிற மாதிரித் தேதி அமைந்தால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். நத்தம் வட்டாரத்திலும் பொங்கலுக்குப் பிறகு ஜல்லிக்கட்டு உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள்.

பங்குனி உத்திரத்துக்கும் பழனிக்கு நடக்கிறார்கள், கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் எடுத்து வருகிறார்கள். ஆனால் அது மார்ச், ஏப்ரல் வெயில். முதல் முறை நடக்கும் ஓய்வூதியருக்கு அது வேண்டாம்.

மருத்துவரிடம் என்ன கேட்பது

நடைக்கு நான்கு மாதம் முன்பே போங்கள். "உடம்பு எப்படி இருக்கு, பாருங்க" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். "நாளுக்கு 15 கிலோமீட்டர், பதினோரு நாள் நடக்கப் போகிறேன்" என்று தூரத்தைச் சொல்லிக் கேளுங்கள். ஈ.சி.ஜி. போதுமா, டிரெட்மில் சோதனை வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். மூன்று மாதச் சர்க்கரை சராசரி, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கண், இவற்றோடு பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையையும் கேட்டு வாங்குங்கள். மெல்லிய நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து அழுத்திப் பார்ப்பார்கள், ஐந்து நிமிட வேலை. சர்க்கரை உள்ளவருக்கு இந்தச் சோதனைதான் செருப்பு இல்லாமல் நடக்கலாமா என்பதற்கே பதில்.

மாத்திரைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியவை இவை. கிளிமிபிரைடு வகை மாத்திரையும் இன்சுலினும் நீண்ட நடையில் சர்க்கரையைத் தடாலென்று இறக்கும். நடை நாட்களில் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். மெட்பார்மின் தனியாக எடுப்பவருக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. டாபாகிளிப்ளோசின் வகை மாத்திரை சிறுநீரில் சர்க்கரையையும் நீரையும் வெளியேற்றும். வியர்வையும் சேர்ந்தால் உடம்பு வறண்டுவிடும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டாலும் இதே கதை. அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் கை நடுக்கத்தையும் மறைத்துவிடும், வியர்வை மட்டும்தான் அடையாளம். இன்சுலின் போடுகிறவர்கள் நடை நாளில் தொடையில் போடாமல் வயிற்றில் போடுவது நல்லது. உழைக்கிற தசைக்குப் பக்கத்தில் போட்ட மருந்து வேகமாக ஏறும்.

விரதமும் மாத்திரையும் மோதும் இடம் இது. மாலை போட்டு ஒருவேளை உணவு என்று இருப்பவர், சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல் விழுங்கிவிட்டு விடிகாலையில் வெறும் வயிற்றோடு நடந்தால் வழியில் விழுவார். மாலை போடலாம், அசைவம் விடலாம், தரையில் படுக்கலாம். சாப்பாட்டு நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

ஓய்வூதியர் அடையாள அட்டை, மருத்துவக் காப்பீட்டு அட்டை இரண்டின் நகலும் கைப்பையிலேயே இருக்க வேண்டும். உயிர்வாழ் சான்று கொடுக்கும் மாதம் நடையோடு மோதினால் அதைக் கிளம்புவதற்கு முன் முடித்துவிடுங்கள்.

பதினாறு வாரப் பயிற்சி

நாற்காலியில் முப்பது ஆண்டு உட்கார்ந்த உடம்பில் மூச்சுத்திறன் ஆறே வாரத்தில் கூடிவிடும். தசைநாரும் குதிகால் சவ்வும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. ஒரு மாதப் பயிற்சியில் "நன்றாக நடக்கிறேன்" என்று தோன்றுவதும், அடுத்த மாதம் குதிகால் வலியோடு உட்கார்ந்துவிடுவதும் இதனால்தான்.

முதல் நான்கு வாரம் வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 3 முதல் 4 கிலோமீட்டர். அடுத்த நான்கு வாரம் சாதாரண நாளில் 6, ஞாயிறு 10. ஒன்பதிலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை சாதாரண நாளில் 8, ஞாயிறு 14. பதின்மூன்று, பதினான்காம் வாரங்களில் வாரம் ஒருமுறை அடுத்தடுத்த இரண்டு நாள் 15, 15 நடங்கள். யாத்திரைக்கு எடுத்துப் போகும் அதே பை, அதே காலணி, அதே விடிகாலை நேரம். பதினைந்தாம் வாரம் மூன்று நாள் தொடர்ந்து 12. கடைசி வாரம் 4 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம், கால் ஆறட்டும்.

2027 தேதிக்கு இது 2026 செப்டம்பர் நடுவில் தொடங்க வேண்டும். அப்படியென்றால் பயிற்சியின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையில்தான். மழை நாளில் ஈரச் சாக்ஸோடு நடந்து பார்ப்பதும் ஒரு பாடம். ஆனால் தெருவில் தண்ணீர் தேங்கியிருந்தால் வெறுங்காலோடு இறங்காதீர்கள். அப்படிப்பட்ட நாளில் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கலாம். பழனி மலையில் ஏறத்தாழ 700 படி, அதற்கும் பயிற்சி ஆயிற்று.

பதினான்காம் வாரம் ஒரு சோதனை. இரண்டு நாள் 15, 15 நடந்த பிறகு மூன்றாம் நாள் காலையில் கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி இறங்கிப் பாருங்கள். முடிந்தால் காரைக்குடித் திட்டம் உங்களுக்கு ஆகும். முடியவில்லை என்றால் இந்த ஆண்டு திண்டுக்கல்லிலிருந்து பழனி வரையிலான 60 கிலோமீட்டரை நான்கு நாளில் நடங்கள். அதுவும் பாதயாத்திரைதான், முருகன் கிலோமீட்டர் கணக்குக் கேட்பதில்லை.

வெறுங்காலா, காலணியா

இந்த யாத்திரையில் மிக அதிகம் விவாதிக்கப்படும் விஷயம். மரபு வெறுங்கால்தான். குன்றக்குடியில் கூடிக் காவடி தூக்கும் நகரத்தார் பழனி போவதும் நடந்துதான், காவடியோடு திரும்புவதும் நடந்துதான். ஆனால் அவர்களில் பலருக்கு இது பல ஆண்டுப் பழக்கம். உள்ளங்காலும் அதற்கேற்பத் தடித்திருக்கும். நாற்பது ஆண்டு ஷூவுக்குள் இருந்த கால் நான்கு மாதத்தில் அப்படி ஆகாது.

உணர்ச்சிச் சோதனையில் குறை தெரிந்தால் பேச்சே இல்லை, வெறுங்கால் கூடாது. முள் குத்தியது இரவில்தான் தெரியும், தார்ச்சூடு தெரியவே தெரியாது. உணர்ச்சி முழுமையாக இருந்து, வேண்டுதலும் இருந்தால் ஒரு நடுவழி உண்டு. நடைக்குக் காலணி, கோயில் தெருக்களிலும், கடைசி நாள் பழனி ஊருக்குள்ளும் வெறுங்கால். குன்றக்குடி, பழனி அடிவாரத்தில் உள்ள திரு ஆவினன்குடி, மலையைச் சுற்றிய கிரிவீதி மூன்றையும் வெறுங்காலோடு நடந்தாலே வேண்டுதலுக்கு நிறைவு என்று வீட்டுப் பெரியவர்கள் பலர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

காலணியை மாலை நேரத்தில் வாங்குங்கள், கால் அப்போது சற்று உப்பியிருக்கும். சாக்ஸ் போட்டு நின்றால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். கிளம்பும் முன் அதில் 100 கிலோமீட்டராவது நடந்திருக்க வேண்டும். யாத்திரைக்கென்று புது ஷூ வாங்கி முதல் நாள் போட்டுக்கொள்வதுதான் கொப்புளத்துக்கு முதல் காரணம். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைக்கும், தோல் ஊறி உரியும். பாலியஸ்டர் கலந்த விளையாட்டுச் சாக்ஸ் நான்கு ஜோடி எடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி, காலைக் காற்றாட விட்டு, மாற்றுங்கள். விரலிடுக்கு, குதிகால், தொடையிடுக்கு மூன்றிலும் காலையில் வாசலின். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தில் வளைத்து வெட்டினால் சதையில் குத்தும்.

ஓர் இடம் சூடாக உரசுகிறது என்று தோன்றியவுடன் நின்று மைக்ரோபோர் டேப் ஒட்டுங்கள். "அடுத்த ஊரில் பார்ப்போம்" என்று நடந்த அந்த அரை மணியில்தான் உரசல் கொப்புளமாகிறது. சின்னக் கொப்புளத்தை உடைக்கக் கூடாது, மேலே சுற்றி ஒட்டினால் போதும். பெரிதாக, நடக்க முடியாதபடி இருந்தால், ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றி, மேல் தோலை அப்படியே விட்டு, மருந்து வைத்துக் கட்டுங்கள். சர்க்கரை உள்ளவர் இதைக்கூடத் தானே செய்யக் கூடாது, முகாமில் உள்ள மருத்துவரிடம் காட்டுங்கள்.

வழியில் பலரும் செய்யும் இரண்டு கைவைத்தியத்தைத் தவிர்க்கச் சொல்லியே ஆக வேண்டும். கொப்புளத்தில் ஊசி நூலைக் கோத்து நூலை உள்ளேயே விடுவது ஒன்று. நீர் வடியும் என்பது உண்மை, அதே நூல் வழியாக வெளி அழுக்கும் உள்ளே போகும். இரவில் வெந்நீரில் உப்புப் போட்டுக் கால் வைப்பது இன்னொன்று. சுகமாக இருக்கும், ஆனால் தோல் ஊறி அடுத்த நாள் இன்னும் எளிதாக உரியும். சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த காலுக்கு வெந்நீர் தெரியாமலேயே வெந்துபோகும்.

பையில் என்ன

குழுவோடு போனால் பெரிய மூட்டை வேனில் வரும். அப்போதும் தோளில் ஒரு சிறு பை வேண்டும், 4 கிலோவுக்கு மேல் போகாமல். வேன் எப்போதும் உங்களுக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால்தான் நிற்கும். அதனால் மாத்திரை வேனில் இருக்கக் கூடாது.

தோள் பையில்: இரண்டு நாள் மாத்திரை, சீட்டின் நகல், குளுக்கோமீட்டர், சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பொட்டலம், ஒரு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். இரண்டு, டேப், வாசலின், ஒரு ஜோடி சாக்ஸ், துண்டு, தொப்பி, டார்ச், போன், பவர் பேங்க், பெயரும் ரத்த வகையும் வீட்டு எண்ணும் எழுதிய அட்டை. கைத்தடி ஒன்று. இறக்கத்திலும் நாய்க்கும் உதவும்.

வேன் மூட்டையில்: மூன்று செட் துணி, போர்வை, கம்பளிக் குல்லா, பஞ்சு மெத்தைப் பாய், கொசு மருந்து, மாற்றுச் செருப்பு, மீதி மாத்திரை. பஞ்சுப் பாய் ஆடம்பரம் இல்லை. பள்ளிக்கூடச் சிமென்ட் தரையில் ஜமுக்காளம் மட்டும் விரித்துப் படுத்தால் காலையில் இடுப்பு நிமிராது. தரையிலிருந்து எழ முழங்கால் ஒத்துழைக்காதவர் ஒரு மடக்கு ஸ்டூலும் வைத்துக்கொள்ளலாம். இன்சுலினை வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிடாதீர்கள், வெயிலில் கெட்டுவிடும்.

வழி, நாள் வாரியாக

தூரங்கள் தோராயமானவை. புறவழிச்சாலை, ஊருக்குள் சுற்று என்று ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடும், குறையும்.

1. காரைக்குடி – குன்றக்குடி, 10 கி.மீ. முதல் நாள் வேண்டுமென்றே குறைவு. சண்முகநாதரைப் பார்த்துவிட்டு அங்கேயே தங்கல்.
2. குன்றக்குடி – திருப்பத்தூர், 11 கி.மீ. பிள்ளையார்பட்டி, சிராவயல் வழி.
3. திருப்பத்தூர் – சிங்கம்புணரி, 20 கி.மீ. திட்டத்திலேயே நீளமான நாள். காலை 13, மாலை 7 என்று பிரியுங்கள்.
4. சிங்கம்புணரி – கொட்டாம்பட்டி, 12 கி.மீ.
5. கொட்டாம்பட்டி – நத்தம், 18 கி.மீ. சமுத்திராப்பட்டி வழி.
6. நத்தத்தில் ஓய்வு.
7. நத்தம் – கோபால்பட்டி தாண்டி, 18 கி.மீ.
8. சாணார்பட்டி வழியாகத் திண்டுக்கல், 19 கி.மீ.
9. திண்டுக்கல்லில் ஓய்வு.
10. திண்டுக்கல் – ரெட்டியார்சத்திரம் தாண்டி, 16 கி.மீ.
11. ஒட்டன்சத்திரம், 16 கி.மீ.
12. ஒட்டன்சத்திரம் – சத்திரப்பட்டி, 13 கி.மீ. விருப்பாச்சி வழி.
13. சத்திரப்பட்டி – ஆயக்குடி – பழனி, 15 கி.மீ.

கொட்டாம்பட்டியில் மதுரை – திருச்சி நான்குவழிச் சாலையைக் கடக்க வேண்டும். இருட்டில் கடக்காதீர்கள். அந்த வேகத்தில் வரும் லாரியின் தூரத்தை மங்கலான கண் சரியாகக் கணிக்காது. நத்தம் – திண்டுக்கல் பகுதியில் மலைகள் பக்கத்தில் இருப்பதால் விடிகாலைப் பனி அதிகம், குல்லா தேவைப்படுவது இங்கேதான். திண்டுக்கல்லைத் தாண்டினால் பல ஊர்களிலிருந்து வரும் குழுக்கள் ஒன்றாகி, கூட்டம் திடீரென்று பெருகும். இந்தச் சாலையோரம் பல இடங்களில் யாத்திரிகர்களுக்கென்று நடைபாதை உண்டு. அது எங்கே விட்டுப் போகிறதோ அங்கேதான் கவனம் வேண்டும். விருப்பாச்சியில் மலை வாழைப்பழம், ஆயக்குடியில் கொய்யா. வாங்கிச் சாப்பிடுங்கள், சர்க்கரை உள்ளவர் கொய்யாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தங்குவதற்குக் குழுக்கள் பள்ளி, கல்யாண மண்டபம், விடுதி, தோப்பு என்று ஏற்பாடு செய்திருக்கும். தனியாக அல்லது தம்பதியாக நடப்பவர்களுக்கு இன்னொரு முறை இருக்கிறது, முதியவர்களுக்கு அதுவே மேல். லாட்ஜ் இருக்கிற ஊரில் அறை எடுங்கள். அன்றைய நடை எந்த இடத்தில் முடிகிறதோ அங்கிருந்து பேருந்தில் அறைக்கு வாருங்கள். மறுநாள் காலை முதல் பேருந்தில் அதே இடத்துக்குப் போய், விட்ட இடத்திலிருந்து நடையைத் தொடருங்கள். திண்டுக்கல்லில் ஒரே அறையை நான்கு இரவு வைத்துக்கொண்டால் 7-லிருந்து 10-ஆம் நாள் வரை அங்கிருந்தே போய்வரலாம், நத்தம் பக்கமும் பழனி பக்கமும் பேருந்துக்குப் பஞ்சமில்லை. மூட்டை தூக்க வேண்டாம், கழிவறை உறுதி, இரவுத் தூக்கம் உறுதி. தொட்ட இடத்தை விடாமல் நடக்கும் வரை யாத்திரைக்கு எந்தப் பழுதும் இல்லை. சாலையில் உள்ள கிலோமீட்டர் கல்லையோ கடைப் பெயரையோ குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளின் அமைப்பு

மூன்றரைக்கு எழுந்து, நான்கரைக்கு நடையில் இருங்கள். இருட்டில் தனியாகப் போகாமல் ஏதாவது ஒரு குழுவோடு ஒட்டிக்கொள்ளுங்கள். பத்து மணிக்குள் அன்றைய பெரும்பகுதியை முடித்து, மீதி இருந்தால் மாலை நான்கரையிலிருந்து ஆறரைக்குள் நடந்துவிடுங்கள். ஓய்வோடு சேர்த்து மணிக்கு 3 கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள். இரவு நடை குளிர்ச்சியாக இருக்கும் என்று பலர் விடிய விடிய நடப்பார்கள். தூக்கக் கலக்கத்தில் நடப்பவரும் தூக்கக் கலக்கத்தில் ஓட்டுபவரும் ஒரே சாலையில் சேரும் நேரம் அது, பாதயாத்திரை விபத்துகள் பல அப்போதுதான் நடக்கின்றன.

நடைபாதை இல்லாத இடத்தில் சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். பையின் முன்னும் பின்னும் ஒளிரும் பட்டை. காவி, பச்சை வேட்டி இருட்டில் தெரியாது, அதனால் மேலே வெள்ளைத் துண்டு. காதில் பாட்டு வேண்டாம்.

தண்ணீரைத் தாகத்துக்குக் காத்திராமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் குடியுங்கள். இதய பலவீனத்துக்காகத் தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர் மட்டும் மருத்துவர் சொன்ன அளவு. பெண்களும், புராஸ்டேட் தொல்லை உள்ள ஆண்களும் கழிவறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். பத்து மணிக்குத் தலைசுற்றலும் மூன்றாம் நாள் நீர்க்கடுப்பும் அதன் பலன். பெட்ரோல் பங்க், கோயில், மண்டபம் எங்கே கழிவறை இருந்தாலும் தேவை இல்லாவிட்டாலும் பயன்படுத்திக்கொண்டு நகருங்கள்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எழுதிய அளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும், பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கடையில் பழச்சுவையோடு டப்பாவில் வருவதெல்லாம் ஓ.ஆர்.எஸ். ஆகாது. உப்புப் போட்ட நீர்மோர் இந்தச் சாலையில் கிடைக்கும் சிறந்த பானம்.

அன்னதானம் விஷயத்தில் ஒரு கட்டுப்பாடு தேவை. பந்தலுக்குப் பந்தல் பொங்கல், எலுமிச்சைச் சாதம், கேசரி, காபி என்று அன்போடு நீட்டுவார்கள். எல்லாவற்றையும் வாங்கினால் வயிறு கனத்து நடை தளரும், சர்க்கரையும் ஏறும். காலையில் இரண்டு இடம், மதியம் ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரசாதத்தை மறுக்க மனமில்லாவிட்டால் ஒரு கவளம் போதும்.

சர்க்கரை உள்ளவர் நடைக்கு முன்னும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் சோதியுங்கள். கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவருக்குக் கிளம்பும்போது 100-க்குக் கீழ் இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் நடை. 70-க்குக் கீழ் என்றால் உட்காருங்கள், மூன்று டீஸ்பூன் சர்க்கரை, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதனை. ஏறிய பிறகு ஏதாவது ஆகாரம். அதன் பிறகும் தள்ளாட்டமாக இருந்தால் அன்றைய நடை முடிந்தது.

எப்போது நிறுத்துவது

இரண்டாம், மூன்றாம் நாள் தொடை, கெண்டைக்கால் வலி எல்லோருக்கும் வரும், நடக்க நடக்கத் தளரும். நடக்க நடக்கக் கூடும் வலி வேறு. முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரே புள்ளியில் வலித்தால், ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால், நடையை விட்டு மருத்துவரிடம் போங்கள். நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத குளிர் வியர்வை என்றால் வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் 108.

வலிக்கு டைக்ளோபினாக், இபுபுரூபன் வகை மாத்திரைகளை வழியில் பகிர்ந்துகொள்வார்கள். ரத்த அழுத்த மாத்திரை, வறண்ட உடம்பு, இந்த வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிபடும். மருத்துவர் அனுமதித்த அளவில் பாரசிட்டமால் போதும்.

கடைசிக் கட்டத்தில் வரும் கேடு ஆவல். ஒட்டன்சத்திரத்தில் "இன்னும் 28தானே, ராவோடு ராவாப் போயிடலாம்" என்று கூட்டம் கிளம்பும். கிளம்பட்டும். நீங்கள் சத்திரப்பட்டியில் நில்லுங்கள்.

பழனியில்

தங்கும் அறையைத் தேவஸ்தான விடுதியில் முன்கூட்டியே பதிவு செய்ய முயலுங்கள், தண்டபாணி நிலையம் பலருக்கும் தெரிந்த இடம். விழா நாட்களில் கிடைக்காது என்பதும் முன்னதாகப் போவதற்கு ஒரு காரணம். சேர்ந்த அன்றே மலை ஏறாதீர்கள். அன்று குளியல், பெரியநாயகி அம்மன், அடிவாரத்தில் திரு ஆவினன்குடி. மறுநாள் விடிகாலையில் மலை.

ஏறுவதற்குப் படிப்பாதையைவிட யானைப்பாதை சரிவு குறைந்தது. முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பகை. ஆகவே நடந்து ஏறி, இழுவை ரயிலில் இறங்குங்கள். ரோப் கார் காற்று பலமாக வீசினாலும் பராமரிப்பு நேரத்திலும் நிற்கும், அதை மட்டும் நம்பி நேரம் குறிக்காதீர்கள். 2023 அக்டோபரிலிருந்து மலைக்கோயிலுக்குள் செல்போன் அனுமதி இல்லை, அடிவாரத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அதனால் துணைவரைத் தவறவிட்டால் சந்திக்கும் இடத்தைப் போனை ஒப்படைக்கும் முன்பே பேசி வையுங்கள்.

திரும்புவதற்குப் பேருந்தைவிட ரயில் நல்லது, எழுந்து நடமாட முடியும். பழனி திண்டுக்கல் – பொள்ளாச்சி பாதையில் இருக்கிறது, திண்டுக்கல்லில் மாறிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து சர்க்கரை மாத்திரையை நடை நாள் அளவிலேயே தொடராமல், பழைய அளவுக்கு எப்போது திரும்புவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். நடை நின்றதும் சர்க்கரை ஏறும். ஒரு வாரம் வரை பாதத்தைத் தினமும் கண்ணாடி வைத்துப் பாருங்கள், ஆறாத புண், கறுத்த நகம் இருந்தால் காட்டுங்கள். நடையை ஒரேயடியாக நிறுத்தாமல் நாளுக்கு 3, 4 கிலோமீட்டரில் வைத்திருந்தால், அடுத்த செப்டம்பரில் முதல் நான்கு வாரப் பயிற்சியைத் தாண்டியே தொடங்கலாம்.